காலையில் மட்டும் குலுங்கிய வண்டி

ஒர்க்ஷாப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். நாலு வார்த்தையோடு நிறுத்துகிற ஆள் நான் இல்லை என்பது கேட்டவர்களுக்கும் தெரியும். முப்பத்தைந்து வருஷம் பானெட்டுக்குள் தலையை விட்டு வாழ்ந்தவன். முதலில் ராணுவ ஒர்க்ஷாப், அப்புறம் டில்லியில் முனிர்காவில் ஒரு சந்துக்குள் இருந்த சின்ன கராஜ். கழற்றுவது, மாட்டுவது எல்லாம் சொல்லித்தர உங்களுக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது நான் மூக்குடைபட்ட கதை. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வரும், வெட்கம் அதற்கப்புறம்தான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஐந்தாறு வருஷம் ஆகியிருந்த சமயம். பெட்ரோல் இன்ஜெக்ஷன் வைத்து வந்த முதல் வண்டிகள் அப்போதுதான் பழசாக ஆரம்பித்திருந்தன. கார்புரேட்டர் காலத்தில் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் ஒரு காதும் போதும். இன்ஜெக்ஷன் வண்டியில் கம்ப்யூட்டர் இருக்கிறது, சென்சர் இருக்கிறது, ஒயர் ஓடாத இடமே இல்லை. கம்பெனி சர்வீசுக்குப் போனால் எதைக் கேட்டாலும் மாற்று என்பார்கள். மாற்ற வசதியில்லாதவர்கள் எங்களிடம் வருவார்கள். சர்க்கார் ஆபீஸ் குமாஸ்தாக்கள், யூனிவர்சிட்டி வாத்தியார்கள், பழைய வண்டியை நாலு பேர் சேர்ந்து வாங்கின மாணவர்கள். எல்லாருக்கும் ஒரே வசனம்தான்: பாத்துப் பண்ணுங்க.

அப்படி வந்தவர்தான் கல்யாணி மேடம். திருச்சிக்காரர். ஒரு மந்திரி அலுவலகத்தில் குமாஸ்தா. கணவர் ராமநாதன் சார் வேறொரு இலாகாவில் செக்ஷன் ஆபீசர். முனிர்காவுக்குப் பக்கத்துக் குவார்ட்டர்சில் வீடு. இருபது வருஷம் டில்லி பஸ்சில் தொங்கிய அந்த அம்மாள் நாற்பத்தாறாவது வயதில் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய்க் கற்றுக்கொண்டு, ஆறு வருஷம் ஓடிய ஒரு சின்ன காரைத் தன் சேமிப்பில் வாங்கினார். ரிடையர் ஆகிறவரைக்கும் இனிமேல் ஆபீசுக்கு உட்கார்ந்துதான் போவேன் என்று எங்கள் முதலாளியிடம் ஹிந்தியில் சொன்னார். முதலாளி பஞ்சாபி. அந்தப் பேச்சு அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, டீ வரவழைத்துக் கொடுத்தார்.

ராமநாதன் சாருக்கு மட்டும் அந்தக் காரைக் கண்டால் ஆகாது. அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளவும் மாட்டார். ஆபீசுக்கு சார்ட்டர்ட் பஸ், அதில் ஜன்னலோர சீட், கையில் பேப்பர். அது போதும் அவருக்கு. இந்த வயதில் இவளுக்கு எதற்கு இது என்று கராஜில் வந்து எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறார்.

கார் முதல் சர்வீசுக்கு எங்களிடம் வந்தது அக்டோபரில். வந்த மறுநாள் ஆயுத பூஜை. எங்கள் கராஜில் ஆயுத பூஜை என்றால் நான்தான் பூசாரி. அந்த ஊர்க்காரர்கள் விசுவகர்மா பூஜை தனியாகச் செய்வார்கள், ஆனால் நான் என் பூஜையை விடுவேனா. முதலாளியும் சுண்டலுக்கு ஆசைப்பட்டு, மதராசி பூஜை எப்போது என்று ஒரு மாதம் முன்னாலேயே கேட்க ஆரம்பித்துவிடுவார். ஸ்பானர், ஜாக்கி, கம்ப்ரசர் எல்லாவற்றுக்கும் குளியல், சந்தனம், குங்குமம். அன்றைக்குக் கராஜில் நிற்கிற வண்டிகளுக்கும் அதே மரியாதை. கல்யாணி மேடத்தின் காரை பானெட்டைத் திறந்து பம்பு வைத்து எஞ்சினோடு குளிப்பாட்டினேன். நம் ஊர் வண்டி ஆயிற்றே என்று உள்ளேயும் பொட்டு வைத்தேன். சாயங்காலம் வண்டியை எடுக்க வந்தவர் பானெட்டுக்குள் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

டிசம்பரில் பனி இறங்கியதும் ஆரம்பித்தது. காலையில் ஆபீசுக்குக் கிளம்பினால் வண்டி மிஸ்ஸிங் அடிக்கிறது, சிக்னலில் நின்றால் ஸ்டியரிங்கே ஆடுகிறது, எஞ்சின் விளக்கு எரிகிறது என்று போன் செய்தார். கொண்டு வாருங்கள் என்றேன். வரும்போது மணி பதினொன்று. வண்டி சமர்த்தாக நின்றது. ஆனால் விளக்கு எரிந்தது உண்மை.

வண்டியின் கம்ப்யூட்டரைப் படித்துக் கோளாறு சொல்கிற ஸ்கேனர் எங்களிடம் கிடையாது. கரோல் பாக்கில் ஒரு எலக்ட்ரீஷியன் வைத்திருந்தார். ஸ்கூட்டரில் வந்து சொருகிப் பார்த்துவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போவார். பெட்ரோல் குறைவாகப் போகிறது என்று அது சொன்னது. மேடம் முதலிலேயே ஒரு தொகையைச் சொல்லி, இதற்கு மேல் என்னிடம் இல்லை அண்ணா என்று சொல்லியிருந்தார். நான் ஸ்கேனரை நம்பி பில்டரை மாற்றினேன், இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். அவர் சொன்ன தொகையில் முக்கால்வாசி போய்விட்டது. வண்டி ஜோராக ஓடியது. மறுநாள் காலை மறுபடியும் அதே குலுங்கல்.

ஸ்கேனர் யார் அழுகிறார்கள் என்று சொல்லும். யார் கிள்ளினார்கள் என்று சொல்லாது. ஒரு சிலிண்டரில் நெருப்பு பற்றவில்லை என்றால் எரியாத காற்று அப்படியே வெளியே போகும். புகைக்குழாயில் இருக்கிற சென்சர் அதைப் பார்த்துவிட்டுப் பெட்ரோல் போதவில்லை என்று கத்தும். அதை நம்பி நாம் டேங்க் பக்கம் ஓடுவோம். இது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் ஓடினேன், ஏனென்றால் திரையில் எழுத்து வந்தால் நமக்கு ஒரு மயக்கம் வந்துவிடுகிறது.

இனிமேல்தான் என் பெரிய தப்பு வருகிறது. அது ஸ்பானரால் செய்ததில்லை, வாயால் செய்தது. அடுத்த வாரம் ராமநாதன் சார் லீவு போட்டு, பக்கத்து வீட்டுப் பையனை ஓட்டச் சொல்லி வண்டியைக் கொண்டு வந்தார். மத்தியானம் நல்ல வெயில். நானே எடுத்து ரிங் ரோடு வரை ஓட்டினேன், ஒரு குறையும் இல்லை. திரும்பி வந்ததும், நீ ஓட்டினால் ஓடுகிறது, அந்தப் பையன் ஓட்டினால் ஓடுகிறது, அவள் ஓட்டினால் மட்டும் ஏன் குலுங்குகிறது என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். தொழிலில் பெரிய ஆள் என்கிற மிதப்பு விடுமா.

"புதுசா ஓட்டுறவங்க கிளட்ச்சுலயே காலை வச்சிருப்பாங்க சார். வண்டி குலுங்கத்தான் செய்யும்" என்றேன்.

அவர் முகம் பல்பு போட்ட மாதிரி ஆனதை நான் பார்த்தேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. பிற்பாடு மேடம் சொல்லித்தான் தெரியும், அன்று சாயங்காலமே வீட்டில் மெக்கானிக்கே சொல்லிவிட்டான் என்று என் பேரைச் சொல்லிப் பேச்சு நடந்திருக்கிறது. நீ ஓட்டி ஓட்டியே கெடுத்துவிட்டாய், வண்டி முழுசாகப் படுப்பதற்குள் விற்றுவிடலாம் என்று சொல்லி, ஒரு ஆளையும் பிடித்துவிட்டார். அந்த ஆள் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வண்டி பார்க்க வருவதாக ஏற்பாடு. மேடம் எதிர்த்துப் பேசவில்லை. தன் மேல்தான் தப்பு என்று அவரே நம்பிவிட்டார். சாவியை சாமி அலமாரியில் வைத்துவிட்டு மறுபடி பஸ்சில் போக ஆரம்பித்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் கராஜுக்கு வந்தார். பஸ்சிலிருந்து நேராக வந்திருக்கிறார், கையில் டிபன் பை, சால்வை ஒரு பக்கம் இழுபட்டுக் கிடந்தது. கிளட்ச்சில் கால் வைக்காமல் எப்படி ஓட்டுவது என்று சொல்லிக்கொடுங்கள், விற்பதற்கு முன்னால் ஒரு தடவையாவது சரியாக ஓட்டிவிடுகிறேன் என்றார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. சரி, எந்த இடத்தில் குலுங்குகிறது, கியர் போடும்போதா, வேகம் எடுக்கும்போதா என்று கேட்டேன். இத்தனை நாள் ஆகியும் அதுவரை நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை, அதை நன்றாகக் கவனியுங்கள்.

"நான் கிளட்ச்சைத் தொடுறதுக்கு முன்னாடியே குலுங்குது அண்ணா. காலையில சாவி திருப்பினதும் ஆரம்பிச்சிரும். ஒருநாள் எறங்கி வெளிய நின்னு பாத்தேன், அப்பவும் குலுங்குச்சு. ஆளே இல்லாத வண்டி யாரோட டிரைவிங்ல குலுங்கும்?"

கேட்டதும் எனக்கு முழி பிதுங்கியது. அந்தம்மாள் வண்டித் தொழில் படித்தவர் இல்லை. ஆனால் என்னைவிட நன்றாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார். வண்டி கெட்டுப்போவது காலை எட்டு மணிக்கு, பனியில். நான் பார்த்ததெல்லாம் பதினொரு மணிக்கு மேல், வெயிலில். ஆள் மாறியதால் சரியாகவில்லை, நேரம் மாறியதால் சரியாகியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு நானே வீட்டுக்கு வருகிறேன், அதுவரை யாரும் வண்டியைத் தொடாதீர்கள் என்றேன்.

ஞாயிறன்று பனி என்றால் அப்படி ஒரு பனி. குவார்ட்டர்சுக்குக் கீழே நின்றால் முதல் மாடி தெரியவில்லை. விடிந்தும் விடியாத இருட்டு. ராமநாதன் சார் மங்கி கேப் போட்டு, மப்ளர் சுற்றிக்கொண்டு இறங்கி வந்தார். பத்து மணிக்கு ஆள் வருகிறார், அதற்குள் முடியுமா என்று கேட்டார். வண்டி ஓடினால் அவருக்கு நல்ல விலை, ஓடாவிட்டாலும் தலைவலி தீரும். மேடம் படிக்கட்டில் நின்றார்.

சாவியை நானே திருப்பினேன். கிளட்ச் பக்கம் என் கால் போகவே இல்லை. வண்டி குலுங்கியது பாருங்கள், ஜுரம் வந்த குழந்தை மாதிரி. எனக்கு அத்தனை சந்தோஷம். கோளாறை நேருக்கு நேர் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது, அது ஒளிந்துகொள்ளும்போதுதான் நமக்குப் பைத்தியம் பிடிக்கும். பானெட்டைத் தூக்கி டார்ச்சை அணைத்தேன். வெளிச்சம் இருந்தால் தெரியாதது இருட்டில் தெரிந்தது. மூன்றாவது ஸ்பார்க் பிளக்கின் தலையில் மாட்டியிருந்த ரப்பர் கேப்பிலிருந்து இரும்புக்கு நீலமாக ஒரு கோடு ஓடி ஓடி விழுந்துகொண்டிருந்தது. சிலிண்டருக்குள் போகவேண்டிய நெருப்பு வெளியே கசிகிறது.

எஞ்சினை நிறுத்தித் துணியால் அந்த கேப்பை அழுத்தித் துடைத்துவிட்டு மறுபடி கிளப்பினேன். குலுங்கல் அடங்கியது. இஸ்திரி போடும்போது துணிக்குத் தண்ணீர் தெளிக்கிற பாட்டில் இருக்கிறதா என்று கேட்டேன், மேடம் ஓடிப்போய் எடுத்து வந்தார். லேசாகத் தெளித்தேன், மறுபடி குலுங்கியது. மூன்று தடவை செய்து பார்த்தேன், மூன்று தடவையும் அப்படியே. ஸ்கேனர் சொல்லாததை அந்த பாட்டில் சொன்னது. ஊரை வென்ற மாதிரி நிமிர்ந்து நின்று, இதோ உங்கள் வியாதி என்று டார்ச்சைப் போட்டுக் காட்டினேன்.

காட்டிய பிறகுதான் நானும் பார்த்தேன். கேப்பின் தலையில் வட்டமாகக் காய்ந்த சந்தனம். நடுவில் குங்குமம். அந்தப் பொட்டின் விளிம்பிலிருந்து முடி மாதிரி ஒரு கறுப்புக் கோடு கீழே இரும்பு வரை இறங்கியிருந்தது. நாலு கேப்பிலும் வரிசையாக நாலு பொட்டு. மோதிர விரலால் சந்தனம், அதற்கு நட்டநடுவில் குங்குமம். அப்படி அளவெடுத்த மாதிரி பொட்டு வைக்கிற ஆள் முனிர்காவிலேயே ஒருத்தன்தான். கேப்பைப் பிடுங்கிப் பார்த்தால், பம்புத் தண்ணீரோடு கரைந்து இறங்கின சந்தனம் பிளக்கைச் சுற்றிக் கல்லில் தீய்ந்த தோசை மாவு மாதிரி அப்பியிருந்தது. பனியின் ஈரத்தை அது குடிக்கும், கரண்ட் அதன் வழியாக ஓடும், எஞ்சின் சூடேறினால் காய்ந்து ஒன்றும் தெரியாத மாதிரி இருக்கும். கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன், பிடித்ததும் நானேதான்.

அந்த நிமிஷத்தில் எனக்கு ஒரு வழி இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். ரப்பர் பழசு. அங்கங்கே வெடிப்பு இருந்தது. பிளக் கேப் பழசாகிவிட்டது சார், மாற்றினால் சரியாகிவிடும் என்று சொன்னால் அது பொய்யும் இல்லை. என் மானம் தப்பும், கராஜ் பேர் தப்பும். நான் கொண்டுபோன பையில் வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய நல்ல கேப்பும் ஒயரும் இருந்தன. மாட்டிவிட்டு டீ குடித்துவிட்டு வந்திருக்கலாம். வாயைத் திறக்கப் போனேன். படிக்கட்டில் நின்ற மேடத்தின் முகம் தெரிந்தது. ரப்பர் பழசு என்று நான் சொன்னால், அவள் ஓட்டியதில்தான் பழசாயிற்று என்று ராமநாதன் சார் சொல்லுவார். நான் முன்னால் சொன்ன கிளட்ச் பேச்சு அப்படியே நிற்கும். வண்டி சரியாகும், அந்தம்மாள் மேல் விழுந்த பழி சரியாகாது.

"சார், மேடம் ஓட்டுறதுல ஒரு தப்பும் இல்ல. அன்னிக்கு நான் கிளட்ச்னு சொன்னது தெரியாம சொன்னது. ஆயுத பூஜைக்கு எஞ்சின்ல தண்ணியடிச்சு, பிளக் கேப் மேல சந்தனம் குங்குமம் வச்சது நான். அது வழியாத்தான் கரண்ட் கசியுது. வண்டியைக் கெடுத்தது நான்."



"சாமிக்கு வச்ச பொட்டுலயா வண்டி கெட்டுச்சு?" என்றார் ராமநாதன் சார்.

"சாமி கேக்கல சார். நானாத்தான் வச்சேன்."

பில்டருக்கும் இன்ஜெக்டருக்கும் வாங்கியதைத் திருப்பித் தந்துவிடுகிறேன் என்று மேடத்திடம் சொன்னேன். அது அவர் காதில் விழவே இல்லை. படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார், பார்த்தால் சிரிக்கிறார். அப்புறம் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார்.

"அண்ணா, இன்னொரு தடவை சொல்லுங்க. இவர் மப்ளர் சுத்தியிருக்கார், சரியா கேட்டிருக்காது."

இன்னொரு தடவை சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். முதல் மாடியில் யாரோ ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள். ராமநாதன் சார் மப்ளரை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் குறுக்கே பேசவில்லை.

பிளக்குகளைச் சுத்தம் செய்து, கேப்பையும் ஒயரையும் மாற்றி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. மேடம் இட்லி கொடுத்தார், நின்றபடியே சாப்பிட்டேன். சொன்னபடி பத்து மணிக்கு வாங்குகிற ஆள் வந்தார். தோல் ஜாக்கெட் போட்ட இளைஞர், பேச்சில் கெட்டிக்காரர். எஞ்சினைக் கிளப்பிக் கேட்டார், முகம் மலர்ந்தது. என்ன கோளாறு இருந்தது என்று விசாரித்தார். மேடம் என்னைப் பார்த்து, இவருக்கும் ஒருதடவை ஹிந்தியில் சொல்லிவிடுங்கள் என்றார். மூன்றாவது தடவையாக ஹிந்தியில் சொன்னேன். சந்தனத்துக்கு ஹிந்தியிலும் சந்தன்தான் என்பதால் அதிகம் கஷ்டமில்லை. அந்த ஆள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முனிர்கா முழுக்க இந்தக் கதை ஒரு வாரம் ஓடியது, எங்கள் முதலாளி ஒரு மாதம் ஓட்டினார். எனக்குக் கோபமே வரவில்லை. தப்பைச் சொல்லிவிட்ட பிறகு உடம்பு எவ்வளவு லேசாகிறது என்பது அந்த வயதில்தான் எனக்குத் தெரிந்தது.

நீங்கள் இதிலிருந்து எதை எடுத்துக்கொள்வீர்களோ எனக்குத் தெரியாது. வண்டி கெடுகிற நேரத்தில் போய் வண்டியைப் பாருங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள், ஏனென்றால் நீங்கள் விட்ட வார்த்தை யார் வீட்டுக்குள் போய் யார் தலையில் விழும் என்று உங்களுக்குத் தெரியாது. ஆயுத பூஜை செய்யுங்கள், பொட்டைக் கண்ணாடியில் வையுங்கள்.

வண்டி வாங்க வந்த ஆள் அன்று சிரித்து முடித்ததும் ராமநாதன் சாரிடம் விலை பேச ஆரம்பித்தார். முதலில் போனில் சொன்னதைவிட இரண்டாயிரம் கூடவே தருகிறேன் என்றார். ராமநாதன் சார் திரும்பி மனைவியைப் பார்த்தார். மேடம் அங்கே இல்லை. சாவி வண்டியிலேயே இருந்தது, அதற்குள் டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்துவிட்டார். இரண்டு ஸ்கூட்டருக்கு நடுவில் மாட்டியிருந்த வண்டியை ஒரே ரிவர்சில் வெளியே எடுத்தார். எஞ்சின் இருக்கிறதா என்றே தெரியவில்லை, அப்படி ஓர் அமைதி.

"எங்க கெளம்பிட்ட?" என்று ராமநாதன் சார் கேட்டார்.

"பால் வாங்க. வர்றதா இருந்தா ஏறுங்க" என்றார் மேடம், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டே.

ராமநாதன் சார் என்னைப் பார்த்தார், வாங்க வந்த ஆளைப் பார்த்தார். பின்கதவின் கைப்பிடியில் கை வைத்தார். அப்புறம் கையை எடுத்துவிட்டு, முன்பக்கம் சுற்றிப் போய்க் கதவைத் திறந்து, மனைவிக்குப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.